ஆற்றுப்படுகை மீட்பும் மக்களின் கொடைமனமும்

ஆற்றின் இருமருங்கும் உள்ள படுகை நிலம் எவருடையது? பட்டா வைத்திருப்பவர் தம்முடையது என்பார். வருவாய்த்துறை புறம்போக்கு என்னும். ஆறு பெருகி வந்து தன் உரிமையைக் கோரும் நாளில் இரண்டு ஏடுகளும் செல்லாமற் போகின்றன. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தாமிரபரணிக் கரையில் இதுவே நிகழ்ந்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுதும் பெறும் சராசரி மழையினும் இது மிகுதி. இத்தகைய மழையை எந்தப் படுகையும் முற்றிலும் உள்வாங்கிவிடும் என நாம் கூறவில்லை. ஆயினும் பரந்து செல்ல இடமுள்ள வெள்ளம் வேகம் தணிகிறது, வண்டலை இட்டுச் செல்கிறது, நிலத்தடியில் இறங்குகிறது. இடமற்ற வெள்ளமோ தெருவுக்குள் வருகிறது.

படுகையை மீட்கப் பொருள் வேண்டும். மக்கள் தருவார்களா? இதனை அறியப் பொருளியலார் ஒரு முறையைக் கையாள்கின்றனர். வீடுதோறும் சென்று, ஆற்றங்கரை பழைய நிலைக்கு மீளுமாயின் ஆண்டுக்கு எவ்வளவு தருவீர் என வினவுவர். 1989இல் அலாஸ்காக் கடலில் எக்ஸான் வால்டீஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டிய பின்னர் இம்முறை பெரும் விவாதத்திற்குள்ளாயிற்று. நோபல் பரிசு பெற்ற கென்னத் ஏரோ, ராபர்ட் சோலோ ஆகியோர் தலைமையிலான குழு 1993இல் இதனை ஆய்ந்து, குறித்த ஒரு தொகைக்கு ஆம், இல்லை என வாக்களிப்பதுபோல் வினவுதலே தகும் என்றது.

நம் ஊர்களில் இவ்வாறு வினவினால், ஒரு காசும் தரமாட்டேன் என்னும் விடை பல கிடைக்கும். அதனை அக்கறையின்மை எனக் கணக்கெழுதுவது தவறு. அவ்விடைகளில் ஒரு பகுதியைப் பொருளியலாரே எதிர்ப்பு விடை எனத் தனியே பிரிக்கின்றனர். அவ்வாறு விடையளிப்பவர் ஆற்றை வெறுப்பவரல்லர். பணம் வாங்கும் கையை நம்பாதவர்.

கொடுக்கும் மனம் இல்லையென்று எவர் சொல்ல முடியும்? மஹல்லாவில் ஏழைக் குடும்பமும் பள்ளிவாசலுக்கு மாதச் சந்தா செலுத்துகிறது. கோயில் கொடைவிழாவிற்குத் தலைக்கட்டு வரி கொடுக்காத வீடு அரிது. காரணம் எளிது: வாங்குபவர் அதே தெருவில் வாழ்கிறார், கணக்குக் கேட்டால் சொல்லியாக வேண்டும். இந்நம்பிக்கை அற்ற இடத்தில் கட்டாயமும் பயன் தராது. குடிமராமத்து உழைப்பைக் கட்டாயமாக்க 1858இல் சென்னை மாகாணத்தில் சட்டமே வந்தது. அதன் பின்னரும் அவ்வழக்கம் நலிந்தது. ஆதலின், எவ்வளவு தருவீர் என்பதற்கு முன், எவர் கையில் தருவீர் என்று வினவ வேண்டும். பணம் இல்லாதவர் எத்தனை நாள் உழைப்புத் தருவார் என்பதையும் கேட்க வேண்டும். மண் வெட்டித் தருவதும் கொடையே அன்றோ!

கிணறு வெட்டி வக்ஃபு செய்வதை ஸதக்கத்துல் ஜாரியா எனப் போற்றும் சமுதாயம் நாம். ஆறு பரந்து செல்ல நிலம் விடுவதும் அதனுள் அடங்கும் என்பது நம் கருத்து. ஆலிம் பெருமக்கள் ஆய்ந்துரைப்பார்களாக.

ஒன்றில் மட்டும் நாம் உறுதியாக நிற்கிறோம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் நீரைப் பெற்று வளர்ந்த தூத்துக்குடித் தொழிற்சாலைகளும் ஆற்றங்கரையில் வாழை வைத்துப் பிழைக்கும் சிறு விவசாயியும் ஒரே தொகையைத் தர வேண்டும் என்பது நீதியாகாது. மீட்பு என்ற பெயரில் அவ்விவசாயி இழப்பது விளைநிலத்தையே. அவர் தர வேண்டியதை அந்நிலமாகவே தந்துவிடுகிறார். திரளும் நிதியில் முதற்பங்கு அவருக்குரியது. அவர்களுள்ளும் குத்தகைக்குப் பயிரிடுவோர் பெயரில் பட்டா இராது. இழப்பீட்டுப் பட்டியலில் அவர்களை எந்தச் சான்றைக் கொண்டு சேர்ப்பது என்பதை, முதல் ரூபாயைத் திரட்டும் முன்னரே ஊர்க்கூட்டம் கூடி முடிவு செய்தாக வேண்டும்.