உயிரோடிருக்கும்போதே மதிப்போம்

எமது தோட்டத்துக் கலைவிழாவில் இம்முறை தப்புக் குழுவின் வரிசையில் ஓரிடம் வெறுமையாக இருந்தது. அண்மையில் எம்மைவிட்டுப் பிரிந்த தோழரின் இடம் அது. அவரது தப்பை அங்கே வைத்துப் பொன்னாடை போர்த்தினோம். அதன் பின்னரே மற்றத் தப்புகள் முழங்கின.

பகலில் கவ்வாத்து வெட்டியவர், மாலையில் தப்பைக் காய்ச்சுவார். காமன் கூத்தும் இழவு வீடும் அவரின்றி நடந்ததில்லை. சம்பளப் போராட்டத்தின்போது எம்மைப் பிரட்டுக்களத்தில் ஒன்றுசேர்த்ததும் அவரது தப்பொலியே. ஆனால், சாவுக்கு அடிப்பவர் என்று சிலர் அவரை ஒதுக்கியபோது நாமும் வாய்மூடி இருந்தோம். உயிரோடு இருந்தபோது ஒரு பொன்னாடை போர்த்த எமக்குத் தோன்றவில்லை. அது எமது குற்றம்.

கூத்தில் எரிந்த மதன் மீண்டும் எழுவான். தோழரோடு போன பாட்டுகள் திரும்பி வரா. தொழிற்சங்கவாதியும் கவிஞருமான சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அந்த வேலையை நாம் தொடர வேண்டும்.

அடுத்த விழாவில் உயிரோடிருக்கும் மூத்த கலைஞர்களுக்குப் பொன்னாடை போர்த்துவோம். பிள்ளைகள் கூச்சமின்றித் தப்பைக் கையிலெடுக்கட்டும். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தமது பெரியவர்களின் பாட்டுகளை வரும் மாசிக்கு முன் எழுதியும் தொலைபேசியில் பதிந்தும் வைக்கட்டும்.