தப்பு யாருடையதானாலும்... வண்டி ஓட்டினவனைத் தவிர!

மோட்டார் வாகனச் சட்டத்தில் 164-ஆவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. படித்தால் தேன் ஒழுகும். விபத்தில் ஒருவர் இறந்தால் 5 லட்சம், பலத்த காயமென்றால் இரண்டரை லட்சம். யார் மேல் தப்பு என்று நிரூபிக்கவே வேண்டாம். வண்டியின் உரிமையாளரோ, அவருடைய இன்ஷூரன்ஸ் கம்பெனியோ கொடுத்தாக வேண்டும். 2019 திருத்தத்தில் வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது.

"அதான் இன்ஷூரன்ஸ் இருக்கே, எனக்கு ஒண்ணு ஆனா வீட்டுக்குப் பணம் வரும்" என்று இதை நம்பி ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவர்கள்தான் அதிகம். அங்கேதான் இடிக்கிறது!

கட்டாயமாக எடுக்க வேண்டியது தேர்டு பார்ட்டி பாலிசி. பிரீமியம் கட்டுபவர் முதல் ஆள், கம்பெனி இரண்டாவது ஆள், பணம் மூன்றாவது ஆளுக்கு. மழையில் தானே சறுக்கி விழுந்த உரிமையாளர் மூன்றாவது ஆளே இல்லை. சரி, நண்பனின் பைக்கை இரவல் வாங்கிப் போனவன்? (காலேஜில் பாதிப் பேர் இந்த ரகம்தான்.) 2009-ல் உச்ச நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு வழக்கு வந்தது. முன்னால் போன மாட்டுவண்டி சட்டென்று நின்றுவிட, இரவல் பைக்கில் வந்தவர் அதில் மோதி இறந்துவிட்டார். குடும்பம் 163ஏ பிரிவில் இழப்பீடு கேட்டது. 164-க்கு முன்பு இதே வேலையைச் செய்த பிரிவு அது. இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்துக்கு வந்துவிடுகிறார், எனவே இந்தப் பிரிவில் கேட்க முடியாது என்றது கோர்ட். 2020-ல் இன்னொரு இரவல் பைக் வழக்கிலும் அதே கதைதான். தனிநபர் விபத்துக் காப்பீட்டில் இருந்த 1 லட்சம் மட்டும் தேறியது.

தப்பைப் பார்க்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு, ஆளைப் பார்த்துக் கதவைச் சாத்துவது என்ன நியாயம்? உரிமையாளரின் வாரிசுகள் 163ஏ-யில் கேட்கலாமா கூடாதா என்ற கேள்வியை 2025-ல் உச்ச நீதிமன்றமே பெரிய அமர்வுக்கு அனுப்பியது. நீதிபதிகளுக்கே தெளிவாகாத விஷயம் பாலிசி எடுப்பவருக்கு எப்படிப் புரியும்?

"வாங்குகிற பிரீமியம் மூன்றாவது ஆளின் ரிஸ்க்குக்கு மட்டும்தான்" என்பார்கள் கம்பெனிக்காரர்கள். கணக்கு சரிதான். ஆனால் கணக்கை மாற்ற முடியாதா என்ன? நியூசிலாந்தில் 1974-லிருந்து ஓட்டியவருக்கும் சேர்த்தே இழப்பீடு தருகிறார்கள். பெட்ரோலிலும் வண்டி லைசென்ஸிலும் அதற்கென்று வரி பிடிக்கிறார்கள். இங்கேயும் ஒரு உதாரணம் உண்டு. உரிமையாளர் ஓட்டும்போது அவருக்கான விபத்துக் காப்பீடு பைக்குக்கு வெறும் 1 லட்சமாகக் கிடந்தது. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையில் குட்டியது, 2018-ல் 15 லட்சமாக்கினார்கள். வருடத்துக்கு 750 ரூபாய் என்று அப்போது விலை வைத்தார்கள். கம்பெனி எதுவும் திவாலாகிவிடவில்லை!

கொடுமை என்னவென்றால், நம்மாட்கள் மிச்சம் பிடிப்பதும் அந்த 15 லட்சத்தில்தான். "ஏற்கனவே வேறு பாலிசி இருக்கிறது" என்ற கட்டத்தில் பொய்யாக ஒரு டிக் அடித்தால் சில நூறு ரூபாய் குறையும். டிக் அடிக்கச் சொல்லித் தருகிற ஏஜெண்டுகளும் இருக்கிறார்கள்...