சவர்க்காரத்தில் ஒளிந்திருந்த நஞ்சு

தெஹியோவிட்டத் தோட்டங்களில் இறப்பர் பால் வெட்டுபவருக்கு ஓர் இரசாயனப் பாடத்தைப் புதிதாகச் சொல்லித் தர வேண்டியதில்லை. சிரட்டையில் இறங்கும் பாலில், கண்ணுக்குத் தெரியாத இறப்பர்த் துணிக்கைகளைப் புரதமும் கொழுப்பும் போர்த்தியிருக்கின்றன. அதனால்தான் அவை ஒட்டிக்கொள்ளாமல் நீரில் மிதக்கின்றன. ஸ்டோரில் போமிக் அமிலம் விட்டதும் போர்வை கெட்டுப் பால் திரண்டுவிடும்.

சட்டிகளில் பூசும் டெஃப்லானும் ஆலையில் இப்படியொரு பாலாகத்தான் பிறக்கிறது. மரம் தந்த போர்வைக்குப் பதில் அங்கே மனிதன் செய்த சவர்க்காரம். பல பத்தாண்டுகள் அந்த வேலையைச் செய்தது பிஎஃப்ஓஏ என்ற புளோரீன் அமிலம். 1938இல் டூபொன்ட் நிறுவனத்தின் ரோய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டெடுத்த டெஃப்லான் எதனோடும் எளிதில் சேராத பொருள். ஊரைக் கெடுத்தது அதன் சவர்க்காரம்தான். அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவில், பார்க்கர்ஸ்பேர்க் ஆலையைச் சுற்றி வாழ்ந்த சுமார் 69,000 பேரின் விவரங்களை வைத்து ஆராய்ந்த அறிவியல் குழு, சிறுநீரகப் புற்றுநோய் உட்பட ஆறு நோய்களோடு அதற்குத் தொடர்பிருக்க வாய்ப்புண்டு என்றது. 2019இல் ஸ்டொக்ஹோம் சமவாயம் அதை ஒழிக்க வேண்டிய பொருள்களில் சேர்த்தது.

அமெரிக்கக் கதைதானே என்று ஒதுக்க முடியாது. 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கொழும்பு நகரத்தவரோடு நம் தேயிலைத் தொழிலாளரின் இரத்தத்தையும் சோதித்தது. இரு தரப்பிலும் இந்தக் குடும்பத்து இரசாயனங்கள் இருந்தன. டெஃப்லான் செய்யும் ஆலை ஒன்றுகூட இல்லாத நாடு இது. லயத்துக் குசினிக்கு ஒட்டாத சட்டி வந்து சேர்ந்ததோ இல்லையோ, அந்த இரசாயனம் உடம்புக்குள் வந்துவிட்டது.

அந்தச் சவர்க்காரமே இல்லாமல் புளோரீன் பல்பகுதியங்களைச் செய்ய முடியுமா? இந்த இடத்தில்தான் ஒளி இரசாயனம் கவனத்துக்குரியதாகிறது. ஷாங்ஹாயின் ஃபூதான் பல்கலைக்கழகத்தில் மாவோ சென் குழு, புளோரீன் கொண்ட ஒரு வாயுவை வைனைல் ஈதர்களோடு மாறிமாறிக் கோத்து, சாதாரண வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் பல்பகுதியம் செய்து 2020இல் காட்டியது. ஒளியை உறிஞ்சும் சேதன ஊக்கி ஓர் இலத்திரனைக் கைமாற்ற, சுயாதீன மூலிகம் பிறக்கிறது. சங்கிலி கண்ணி கண்ணியாக நீள்கிறது. விளக்கை அணைத்தால் வளர்ச்சி நிற்கும், போட்டால் தொடரும். (நம் மரம் இதற்கு நேர்மாறு: வெயில் ஏறினால் பால் குறைந்துவிடும்.) கரைசலிலேயே வேலை முடிவதால் புளோரீன் சவர்க்காரத்துக்கு அங்கே இடமில்லை.

நல்ல செய்திதான். ஆனால் இது டெஃப்லானுக்கு நேரடி மாற்று அல்ல. கரைப்பான் செலவும் கழிவும் உண்டு. அதைவிடப் பெரிய கேள்வி, அந்தச் சங்கிலியின் முடிவு பற்றியது. காபன்–புளோரீன் பிணைப்பை உடைக்க மோலுக்குச் சுமார் 485 கிலோ யூல் வேண்டும். அதனால்தான் இந்தப் புளோரீன் சேர்வைகள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் கிடக்கின்றன. 2024 நவம்பரில் ‘நேச்சர்’ இதழில் சீனக் குழுவொன்றும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகக் குழுவொன்றும் ஒளியாலேயே இந்தப் பிணைப்பை உடைத்துக் காட்டின. சீனக் குழு 40 முதல் 60 பாகை வெப்பத்தில் டெஃப்லானையே சிதைத்தது. என்னைக் கேட்டால், கோக்கும் ஒளியைவிட உடைக்கும் ஒளிக்கே முதலில் பணம் போட வேண்டும். இரண்டும் இன்னும் குடுவையைத் தாண்டவில்லை.

லிதியம் மின்கலத்திலும் சூரியத் தகட்டிலும் புளோரீன் பல்பகுதியங்கள் இருக்கும்வரை அவற்றை ஒரேயடியாகத் தலைமுழுக முடியாது. அதற்காக “பாதுகாப்பானது” என்ற முத்திரையை அப்படியே நம்பவும் கூடாது. பிஎஃப்ஓஏக்கு மாற்றென்று வந்த ஜென்எக்ஸ், 2017இல் அமெரிக்காவின் வட கரோலினாவில் கேப் ஃபியர் ஆற்றுக் குடிநீரில் இருப்பது வெளிச்சத்துக்கு வந்தது. எந்தச் சவர்க்காரத்தில் செய்தீர்கள், மிச்சத்தை எங்கே விட்டீர்கள் என்று இறக்குமதி செய்பவரிடம் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

தெஹியோவிட்ட ஓடைகள் கடைசியில் களனியில் சேர்கின்றன. சீதாவாக்கைக் கைத்தொழில் வலயத்தைத் தாண்டி ஓடும் அந்த ஆற்றைத்தான் அம்பத்தளையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்பு குடிக்கிறது. பிஎஃப்ஓஏக்கு அமெரிக்கா 2024இல் குடிநீரில் விதித்த வரம்பு இலட்சம் கோடியில் 4 பங்கு. அதே அளவுகோலை வைத்து, மலையடிவாரத்திலிருந்து அம்பத்தளை வரை களனி நீரைச் சோதியுங்கள். முடிவைச் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடுங்கள்.