சிரித்தவர்களுக்குப் பங்கில்லையா?

2021 ஜூன் மாதம் தருமபுரியில் ஒரு வாலிபரைச் சென்னை சைபர் கிரைம் போலீசார் கைது செய்தார்கள். பெயர் மதன். ஊர் சேலம். தொழில் என்ன தெரியுமா? செல்போனில் பப்ஜி விளையாடுவது, விளையாடிக்கொண்டே பேசுவது, அதை யூடியூபில் நேரடியாக ஒளிபரப்புவது! ஒளிபரப்பில் முகத்தைக் காட்டவில்லை. குரல் ஒன்றே முதலீடு.

அந்தக் குரல் என்ன பேசியது? உடன் விளையாட வந்த பெண்களைக் காது கூசும் ஆபாசத்தில் ஏசியது என்பதே குற்றச்சாட்டு. முன்ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அந்தப் பதிவைக் கேட்டுவிட்டு வந்து வாதாடும்படி அவருடைய வழக்கறிஞரிடமே உயர் நீதிமன்ற நீதிபதி சொல்ல வேண்டியதாயிற்று. ஏழைகளுக்கு உதவுவதாகப் பணம் வசூலித்தார் என்ற புகாரும் சேர்ந்தது. மறு மாதமே குண்டர் தடுப்புச் சட்டம் பாய்ந்தது. கைதட்டிவிட்டு நாமும் அதை மறந்து விட்டோம்.

பிரச்சினை தீர்ந்ததா சகோதரர்களே?

அந்தச் சேனலைப் பின்தொடர்ந்தவர்கள் பல லட்சம் பேர். அவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏராளம். ஏசப்பட்ட பெண் அழுதிருப்பாள், கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்ததோடு நின்றார்களா? காசும் அனுப்பினார்கள். கூட்டம் சேரச் சேர விளம்பர வருமானம் பெருகியது. வாய் எவ்வளவு கெட்டதோ அவ்வளவு லாபம்! ஏசியவர் சிறைக்குப் போனார். காசு கொடுத்துக் கேட்ட காதுகளும், பங்கு பெற்ற கம்பெனியும் எந்தக் கூண்டில் ஏறின?

இன்னொன்றையும் கவனியுங்கள். 2020 செப்டம்பரில் மத்திய அரசு பப்ஜி உட்பட 118 செயலிகளைத் தடை செய்தது. பெண்களை ஏசுகிறார்கள் என்பதற்காகவா? இல்லை. நாட்டின் பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. பிள்ளைகளோ சுற்றுவழியில் புகுந்து விளையாடிக் கொண்டுதான் இருந்தார்கள். 2021-இல் அதே விளையாட்டு வேறு பெயரில் முறைப்படி வந்துவிட்டது. விளையாட்டைத் தடுத்தால் நாக்கு சுத்தமாகிவிடாது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

நம் வீடுகளில் நடப்பது இதைவிட வேதனையானது. மகள் விளையாடும்போது எவனோ ஒருவன் ஆபாசமாகப் பேசினான் என்று தெரிந்தால், உடனே அவள் கையிலிருந்து போனைப் பிடுங்குகிறோம். அதே வார்த்தையைக் கேட்டு மகன் சிரித்தால், 'ஆம்பளைப் பையன், வயசு அப்படி' என்கிறோம். கல்லெறிந்தவனை விட்டுவிட்டு, காயம்பட்டவளைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? இப்படிச் செய்தால் அடுத்த முறை அவள் நம்மிடம் வாய் திறப்பாளா? மாட்டாள். மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அதுதானே!

கங்கைகொண்டான் சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்க்கும் தகப்பனும், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பும் தகப்பனும் பிள்ளைக்குப் போன் வாங்கிக் கொடுத்து விடுகிறார்கள். அந்தப் போனில் பேசுகிறவன் யார் என்று விசாரிப்பதில்லை. வீட்டு வாசலில் ஒருவன் நின்று அந்த வார்த்தைகளைச் சொன்னால் சும்மா விடுவோமா? அவன் வாசலைத் தாண்டி, தலையணைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டானே!

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. மகன் யாருடைய ஒளிபரப்பைப் பார்க்கிறான் என்று கேளுங்கள். பக்கத்தில் அமர்ந்து பத்து நிமிடம் நீங்களும் கேளுங்கள். மகளுக்கு நேர்ந்தால், 'உன் மேல் தவறில்லை' என்பதை முதலில் சொல்லுங்கள். பதிவை அழிக்காமல் பத்திரப்படுத்தி சைபர் கிரைம் போலீசில் புகார் கொடுங்கள். பிள்ளைகளுக்காக 1098 என்ற உதவி எண் இருக்கிறது. ஜமாஅத்தும் ஊர்ப் பெரியவர்களும் குடும்ப மானம் என்று சொல்லிப் புகாரை அமுக்காமல், காவல் நிலையம் வரை துணைக்குப் போகட்டும்.

மதன் ஒருவர்தான். அந்தச் சிரிப்பு லட்சம் வீடுகளில் கேட்டது. நம் வீட்டில் அது கேட்டதா என்பதை இன்றிரவே விசாரியுங்கள்!