பிள்ளையின் பக்கம் நிற்பவர் யார்?

அரசுப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்கிறார்கள். கண்காணிப்பாளர் உண்டு, ஆலோசகர் உண்டு, குழந்தைகள் நலக் குழு உண்டு. சரி, கண்காணிப்பாளர் மீதே புகார் என்றால் அந்தப் பிள்ளை யாரிடம் போகும்? கண்காணிப்பாளரிடமா?

2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நல்ல சட்டந்தான். பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது ஆய்வுக் குழு காப்பகங்களுக்குள் நுழைய வேண்டும் என்கிறது. ஆனால் இல்லத்தை நடத்துவதோ பதிவு தருவதோ அரசு. ஆய்வுக் குழுவை நியமிப்பதும் அதே அரசு!

இதன் விளைவைப் பீகாரின் முசாபர்பூரில் நாடு பார்த்தது. அங்கே அரசுப் பணத்தில் நடந்த சிறுமியர் இல்லத்தின் கொடுமையை 2018இல் வெளிக்கொண்டு வந்தது, டாடா சமூக அறிவியல் கழகத்திலிருந்து வந்த குழு. வெளியாள் வந்து கேட்டார். பிள்ளைகள் வாய் திறந்தார்கள். 2020இல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டவர்களில் குழந்தைகள் நலக் குழுவில் இருந்தவர்களும், குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர் ஒருவரும் உண்டு. வேலியே பயிரை மேய்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

கேரளம் வேறு என்பார்கள். 2014 மே மாதம் பாலக்காடு ரயில் நிலையத்தில், வடமாநிலங்களிலிருந்து அநாதை இல்லங்களுக்கு அழைத்து வரப்பட்ட நூற்றுக்கணக்கான பிள்ளைகள் இறங்கினார்கள். கடத்தலா, தர்மமா என்று கட்சிகள் பேசின, மத அமைப்புகள் பேசின, ஏடுகள் பேசின. பிள்ளைகள் பேசியதைக் கேட்டவர் எத்தனை பேர்?

1098 இருக்கிறதே என்பார்கள். தொண்டு நிறுவனங்கள் நடத்திவந்த அந்த அழைப்பையும் 2023இல் அரசுத் துறைகள் ஏற்றுக்கொண்டன. அதுவும் போகட்டும், இல்லத்துக்குள் இருக்கும் பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்கிறதா?

போக்சோ வழக்கில் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குத் 'துணை நபர்' ஒருவரை விதிகள் தருகின்றன. நல்லது. ஆனால் சிதைக்கப்பட்ட பிறகுதான் ஒரு பிள்ளைக்குத் துணை வேண்டுமா?

பிரிட்டனில் வடக்கு வேல்ஸ் இல்லங்களின் கொடுமைகள் பற்றிய விசாரணை அறிக்கை 2000இல் வந்தது. அடுத்த ஆண்டே வேல்ஸுக்குக் குழந்தைகள் ஆணையர் வந்தார். அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் மலையாளத்தில் சமாளித்து விடுவார்கள். நேற்று வேலை தேடி வந்த குடும்பத்தின் பிள்ளை, தமிழனாயினும் வங்காளியாயினும், எந்த மொழியில் முறையிடும்? மொழி தெரியாத ஊரில் ஊமையாய் நின்ற வரலாறு நம் பெரியவர்களுக்கு உண்டு. ஆகவே இது நம் பிரச்சினை.

நாம் கேட்பவை மூன்று. இல்லத்தை நடத்தும் துறையிடம் சம்பளம் வாங்காத ஒருவர், பிள்ளையின் மொழி அறிந்தவர், பிள்ளையைத் தனியே சந்திக்கும் உரிமையோடு ஒவ்வொரு இல்லத்துக்கும் வேண்டும். இடம் மாற்றும்போதும், வீட்டுக்கு அனுப்பும்போதும், 18 வயதில் வெளியேற்றும்போதும் அவர் உடனிருக்க வேண்டும். அவர் எழுதிக் கேட்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

அரசு தரும்வரை நாம் கைகட்டி நிற்பதா? 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தப் பிள்ளைக்கும் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையத்திடம் சென்று, மொழிபெயர்க்க நாங்கள் தயார் என்று பெயர் கொடுப்போம், தோழர்களே! சோறு போடுவது மட்டும் பராமரிப்பு அல்ல. சொல்வதைக் கேட்பதும் பராமரிப்புதான்.