பிறகு என்பதே இல்லாத போர்

1984 செப்டெம்பர் 23ஆம் திகதி இரவு பிபிசி 2 அலைவரிசையில் ஒளிபரப்பான ஒரு நாடகம், நாற்பது ஆண்டுகள் கடந்து மீண்டும் பேசப்படுகிறது. அதன் பெயர் 'த்ரெட்ஸ்'. நூலிழைகள் என்று பொருள். வட இங்கிலாந்தின் உருக்குத் தொழில் நகரமான ஷெஃபீல்ட் அணுவாயுதத் தாக்குதலுக்கு உள்ளானால், அங்குள்ள சாதாரண சனங்களுக்கு என்ன நடக்கும் என்பதுதான் கதை. எழுதியவர் பாரி ஹைன்ஸ், இயக்கியவர் மிக் ஜாக்சன். 2024 ஒக்டோபரில் பிபிசி இதனை மறுஒளிபரப்புச் செய்தது. ஷெஃபீல்டையே தளமாகக் கொண்ட வார்ப் ஃபில்ம்ஸ் நிறுவனம், இதைப் புதிய தொடராக உருவாக்கவிருப்பதாக 2025 ஏப்ரலில் அறிவித்தது.

பழைய நாடகம் ஒன்று தூசு தட்டப்படுவதற்குக் காரணம் உலக நிலைமைதான். நாடகத்தில் நெருக்கடி ஈரானில் தொடங்குகிறது. 2025 யூனில் அமெரிக்க விமானங்கள் ஈரானின் அணுசக்தி நிலையங்கள் மீது உண்மையாகவே குண்டு வீசின. அதற்கு முந்திய மாதம், அணுவாயுதம் வைத்திருக்கும் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டன. அமெரிக்காவும் ரஷ்யாவும் நிலைநிறுத்தக்கூடிய மூலோபாய அணுகுண்டுகளைத் தலா 1,550 என மட்டுப்படுத்திய 'நியூ ஸ்டார்ட்' உடன்படிக்கை 2026 பெப்ரவரி 5ஆம் திகதியுடன் காலாவதியானது. ஸ்டொக்ஹோம் சர்வதேச சமாதான ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2025 தொடக்கத்தில் உலகில் இருந்த அணுகுண்டுகள் ஏறக்குறைய 12,200.

போர்ப் படங்களைத் தேடிப் பார்க்கிற ஆள் நானில்லை. எங்களில் பலருக்கு அந்தத் தேவையும் இல்லை. ஆனாலும் இந்த நாடகத்தை முழுமையாகப் பார்த்தேன். அது ஒரு போரை யாருடைய இடத்தில் நின்று சொல்கிறது என்பதே என்னை இருத்தி வைத்தது. ஜனாதிபதியோ தளபதியோ இதில் பாத்திரங்களாக இல்லை. ரூத், ஜிம்மி என்ற இளம் காதலர்கள். ரூத் கர்ப்பமாகிறாள். கல்யாணம் செய்வதென்று முடிவெடுத்து வீடு பார்க்கிறார்கள், சுவருக்குக் கடதாசி ஒட்டுகிறார்கள். வானொலியும் தொலைக்காட்சியும் பின்னால் எங்கோ போர்ச் செய்தி சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஒருவரும் சரியாகக் கவனிப்பதில்லை. பிறகு கடைகளில் சாமான் தட்டுப்படுகிறது. வீதிகள் வாகனங்களால் நிறைகின்றன.

பிரித்தானிய அரசு 1980இல் வெளியிட்ட 'பாதுகாத்துத் தப்பிப்பிழையுங்கள்' என்ற கைநூலும் இந்த நாடகத்தில் வருகிறது. வீட்டுக் கதவுகளைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து, அதன் மேல் பாரத்தை அடுக்கி, உள்ளே இருங்கள் என்பது அதன் அறிவுரைகளில் ஒன்று. ஜிம்மியின் தாயும் தகப்பனும் அப்படியே கதவைச் சாய்த்து மெத்தையை அடுக்குகிறார்கள். சீலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பிப் பங்கருக்கு அணை கட்டிய சனத்துக்கு அந்தக் காட்சியை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தக் கைகள் எதை நம்பி வேலை செய்கின்றன என்பது எங்களுக்குத் தெரியும்.

நகரசபை மண்டபத்தின் கீழே இன்னொரு பதுங்குகுழி. அதற்குள் அவசரகால நிர்வாகத்தைப் பொறுப்பேற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள். மேலே கட்டடம் இடிந்து வழி அடைபட்டுவிடுகிறது. காற்றுக் குறைகிறது. அவர்கள் தொலைபேசிக்கும் உணவுக் களஞ்சியக் கணக்குக்கும் இடையில் ஒருவரோடொருவர் சண்டை பிடிக்கிறார்கள். உணவு ஒரு அதிகார ஆயுதமாக மாறுகிறது. வேலை செய்யக்கூடியவர்களுக்குக் கூடுதல் பங்கு, முடியாதவர்களுக்குக் குறைவு. உணவு தேடி உடைத்து எடுப்பவர்கள் சுடப்படுகிறார்கள். வாரங்கள் கழித்துப் படையினர் தோண்டிப் பார்க்கும்போது, பதுங்குகுழிக்குள் இருந்த அதிகாரிகள் எல்லோரும் செத்துக் கிடக்கிறார்கள்.

குண்டு வெடிக்கும் காட்சிகள் சில நிமிடங்கள்தான். இந்த நாடகத்தின் உண்மையான பயங்கரம் அதற்குப் பிறகு இருக்கிறது. ஜிம்மி தாக்குதல் தொடங்கியதும் ரூத்தைத் தேடி ஓடுகிறான். அதன் பின் அவனைக் காணோம். செத்தானா, எங்கே செத்தான் என்று நாடகம் கடைசிவரை சொல்வதில்லை. ரூத் வயிற்றில் பிள்ளையோடு இடிபாடுகளுக்குள் அவனுடைய வீட்டைத் தேடிப் போகிறாள். அங்கே அவனுடைய தாயின் உடல்தான் கிடக்கிறது.

இந்த இடத்தில் நான் எங்கள் தாய்மாரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எங்களுடையது அணுவாயுதப் போர் அல்ல. ஒரு துயரத்தை இன்னொன்றோடு நிறுத்துப் பார்ப்பதும் என் நோக்கமல்ல. ஆனால் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய போராட்டம் ஒன்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. அவர்கள் இருக்க ஒரு வீதியோரம் இருக்கிறது. கையில் ஒரு படம் இருக்கிறது. பதில் சொல்லாவிட்டாலும், கேள்வி கேட்பதற்கு ஒரு அரசு இருக்கிறது, ஜெனீவாவில் ஒரு சபை இருக்கிறது. ரூத்துக்கு இவற்றில் ஒன்றுமே இல்லை. அவள் யாரிடம் போய்க் கேட்பாள்? பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் மண்ணுக்குக் கீழே மூச்சடங்கிப் போனார்கள். போரைத் தொடக்கியவர்களின் பெயர்களைக்கூட நினைவு வைத்திருக்க ஆளில்லை. பொறுப்புக்கூறல் என்ற சொல்லே அர்த்தமிழந்து போகும் ஒரு போரை நாடகம் காட்டுகிறது.

எங்களுக்கு இன்னொன்றும் இருந்தது. எங்களுக்கு ஒரு 'வெளி' இருந்தது. அந்த வெளி எங்களைக் கைவிட்டது என்பது வேறு கதை. ஆனாலும் எங்கோ ஒரு நாட்டில் ஒரு உறவு தொலைபேசியின் பக்கத்தில் காத்திருந்தது, எங்கோ அரிசி விளைந்தது, எங்கோ ஆஸ்பத்திரிகள் இயங்கின. 'த்ரெட்ஸ்' காட்டும் போரில் வெளி என்று ஒன்று இல்லை. எரியும் நகரங்களின் புகை சூரியனை மறைத்து, பயிர்கள் பொய்த்துப்போகும் 'அணுக் குளிர்காலம்' பற்றிய ஆய்வை விஞ்ஞானிகள் வெளியிட்டது 1983இல். அடுத்த ஆண்டே நாடகம் அதைத் திரைக்குக் கொண்டுவந்தது. 2022இல் 'நேச்சர் ஃபூட்' சஞ்சிகையில் வந்த ஆய்வு இன்னும் கிட்டத்தில் வந்து நிற்கிறது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையில் மட்டும் ஓர் அணுவாயுதப் போர் மூண்டால், அதன் பின் வரும் பஞ்சத்தில் உலகெங்கும் 200 கோடிக்கு மேற்பட்டோர் இறக்கக்கூடும் என்கிறது அது. பாக்குநீரிணைக்கு இந்தப் பக்கம் இருக்கிறோம் என்பதால் எங்கள் வயல்கள் தப்பிவிடப் போவதில்லை.

நாடகத்தின் கடைசிப் பகுதி மனதைவிட்டு அகல மறுக்கிறது. ரூத் ஒரு தொழுவத்தில் தனியாகப் பிள்ளை பெறுகிறாள். மகள் பெயர் ஜேன். போருக்குப் பின் வளர்ந்த அந்தத் தலைமுறை முழு வசனம் பேச அறியாது. துண்டு துண்டாக ஒன்றிரண்டு சொற்கள்தான். பத்து ஆண்டுகளில் முதுமையடைந்து ரூத் சாகும்போது, எழும்பு, வேலை என்ற அளவில்தான் மகளால் எதையும் சொல்ல முடிகிறது. அவளிடம் அழுகை இல்லை, அதற்கான மொழியும் இல்லை. தாய் யாரைத் தேடினாள், எந்த நகரத்தில் வாழ்ந்தாள் என்பதைக் கேட்டறியும் சொற்கள் அவளுக்குக் கிடைக்கவேயில்லை. நாங்கள் ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சி, உப்பில்லாத அந்தக் கஞ்சி ஏன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுகிறோம். ஜேனுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை. நூலிழைகள் என்ற தலைப்பு மின்சாரத்தையும் தண்ணீரையும் மட்டும் குறிப்பதாக நான் நினைக்கவில்லை. கடைசியாக அறுந்து போகிற இழை நினைவு.

சாதாரண மனிதர்களின் பக்கம் நின்று போரைச் சொல்லும் கதைகளை அரசுகள் விரும்புவதில்லை. பீற்றர் வொட்கின்ஸ் 1965இல் பிபிசிக்காக எடுத்த 'த வோர் கேம்' என்ற படமும் பிரித்தானியா மீதான அணுவாயுதத் தாக்குதலைப் பற்றியதுதான். மிகக் கொடூரமாக இருக்கிறது என்று சொல்லி அதை 1985 வரை தொலைக்காட்சியில் காட்டாமல் வைத்திருந்தார்கள். இடையில் அது ஒஸ்கார் விருது பெற்றதும் அந்த முடிவை மாற்றவில்லை. அமெரிக்காவில் 1983 நவம்பர் 20ஆம் திகதி ஒளிபரப்பான 'த டே ஆஃப்டர்' படத்தை ஏறக்குறைய 10 கோடிப் பேர் பார்த்தார்கள். அதை முன்கூட்டியே பார்த்த ஜனாதிபதி ரீகன், தன்னை அது மிகவும் சோர்வடையச் செய்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதினார். நான்கு ஆண்டுகளின் பின் அவரும் கொர்பச்சோவும் நடுத்தர தூர ஏவுகணைகளை ஒழிக்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார்கள். ஒரு படம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது என்று சொல்வது மிகை. ஆனால் எண்களாகவே பேசப்பட்ட ஒன்றை ஒரு குடும்பத்தின் கதையாகப் பார்ப்பது, அதிகாரத்தில் இருப்பவரையும் அசைக்கும்.

அதைவிட வலிமையானது சாட்சியம். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் தப்பியவர்கள் 1956இல் அமைத்த நிஹோன் ஹிதான்கியோ அமைப்புக்கு 2024இன் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. தங்கள் உடலையும் கதையையும் சாட்சியாக வைத்து, முதுமையிலும் நாடு நாடாகப் போய்ப் பேசியவர்கள் அவர்கள். அணுவாயுதங்களைத் தடைசெய்யும் ஐ.நா. உடன்படிக்கையின் முகவுரை அவர்களின் துன்பத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசுகள் உதவ வேண்டும் என்று அதன் 6ஆம் உறுப்புரை கூறுகிறது. அந்த உடன்படிக்கையில் 2023 செப்டெம்பரில் இலங்கையும் இணைந்துகொண்டது.

அது நல்ல முடிவு, வரவேற்க வேண்டும். ஆனால் அதே கையால் கொழும்பு தன் சொந்தப் போரில் பாதிக்கப்பட்டவர்களின் கோப்புகளை ஆண்டுக்கணக்கில் ஒதுக்கித் தள்ளி வந்திருக்கிறது. எங்கோ விழுந்த, இனி விழக்கூடிய குண்டுக்குப் பாதிக்கப்பட்டோரின் உரிமையை ஏற்றுக்கொள்ளும் ஓர் அரசு, முல்லைத்தீவில் விழுந்த ஷெல்லுக்கு அந்தக் கொள்கை பொருந்தாது என்று எப்படிச் சொல்லும்? இந்தக் கேள்வியை எங்கள் அரசியல்வாதிகள் நாடாளுமன்றத்திலும் ஜெனீவாவிலும் கேட்க வேண்டும்.

'த்ரெட்ஸ்' நாடகத்தை எல்லோரும் பாருங்கள் என்று நான் சொல்லமாட்டேன். சிலருக்கு அது தாங்காது, பார்க்கத் தேவையுமில்லை. ஆனால் 'மட்டுப்படுத்தப்பட்ட தாக்குதல்', 'தந்திரோபாய அணுகுண்டு' என்று செய்திகளில் அதிகாரிகள் பேசும்போது, அந்தச் சொற்களை நம்பாமல் இருக்க எங்களுக்குப் போதிய காரணம் உண்டு. 'பாதுகாப்பு வலயம்' என்ற சொல்லுக்குள் போய் இருந்த சனம் நாங்கள். அந்த அனுபவம் எங்களுக்குத் தந்த ஒரே உரிமை, தப்பியவர்களாக இருந்து பேசுவது. பேசுவதற்கு ஒருவரையும் மிச்சம் வைக்காத போர் வருவதற்கு முன்னரே அதைப் பேசியாக வேண்டும்.