முதலில் எந்திரம், பிறகு மனிதன்!

1969-ம் ஆண்டு ஜூலை 20-ந் தேதி மனிதன் சந்திரனில் இறங்கினான். இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, ஆள் இல்லாமல் ஒரு சந்திரக் கலம் பறந்து காட்டியது. அது பலருக்குத் தெரியாது.

அந்தப் பயணத்தின் பெயர் "அப்பல்லோ 5". 1968-ம் ஆண்டு ஜனவரி 22-ந் தேதி, அமெரிக்காவில் புளோரிடாவில் இருந்து புறப்பட்டது. அது சந்திரனுக்குப் போகவில்லை. பூமியைத்தான் சுற்றியது. அந்தக் கலத்துக்குக் கால்கள் கூடக் கிடையாது. தரையில் இறங்கப் போவது இல்லையே, கால்கள் எதற்கு?

"ஆள் போகாத பயணத்துக்கு இத்தனை செலவா?" என்று சிலர் கேட்கலாம். அந்தச் செலவு அவசியம் என்பதே நம் கருத்து.

ஒரே எந்திரம்

சந்திரனில் இருந்து மேலே ஏறுவதற்கு ஒரே ஒரு எந்திரம்தான் உண்டு. மாற்று எந்திரம் கிடையாது. அது இயங்க மறுத்தால், அங்கே இருப்பவர்களை யாராலும் காப்பாற்ற முடியாது.

ஒத்திகையே உயிரைக் குடித்ததும் உண்டு. 1967 ஜனவரி 27-ந் தேதி, தரையில் ஒத்திகை நடந்தபோது அப்பல்லோ கலத்தில் தீப்பிடித்தது. கிரிசம், ஒயிட், சாபி என்ற 3 வீரர்கள் மாண்டார்கள். ராக்கெட் மட்டும் தப்பியது. அதே ராக்கெட்தான் "அப்பல்லோ 5"ஐச் சுமந்து சென்றது.

4 வினாடியில் நின்றது!

இறங்கு எந்திரம் 39 வினாடி எரிய வேண்டும். 4 வினாடியிலேயே நின்று விட்டது! எந்திரத்தில் பழுது இல்லை. வேகம் மெதுவாகக் கூடியதைக் கண்டு, கோளாறு என எண்ணி, கம்ப்யூட்டர் அதை நிறுத்தி விட்டது.

தரையில் இருந்த நிபுணர்கள் கலங்கவில்லை. வேறு திட்டம் தயாராக இருந்தது. ரேடியோ மூலம் கட்டளை அனுப்பினார்கள். இறங்கு எந்திரம் மறுபடி எரிந்தது. ஏறு எந்திரமும் எரிந்தது. சோதனை வெற்றி!

"உள்ளே மனிதன் இருந்தால் உடனே சரி செய்திருப்பானே?" என்பார்கள். உண்மைதான். ஆனால், ஏறு எந்திரம் எரியாமல் போயிருந்தால்?

இரண்டாவது சோதனைக்கும் ஒரு கலம் தயாராக இருந்தது. தேவை இல்லை என்று நிறுத்தினார்கள். அது இன்று வாஷிங்டன் பொருட்காட்சி சாலையில் இருக்கிறது. தேறிய பிறகு செலவைக் குறைப்பது சிக்கனம். தேறும் முன்பே குறைப்பது ஆபத்து!

மீண்டும் மனிதரை இறக்க அமெரிக்கா புதிய கலங்களைச் செய்து வருகிறது. அவையும் முதலில் ஆள் இல்லாமல் இறங்க வேண்டும். இறங்கினால் மட்டும் போதாது; திரும்ப ஏறியும் காட்ட வேண்டும்.

போவது பெரிது அல்ல. பத்திரமாக வீடு திரும்புவதே பெரிது!